சைக்காலஜிக்கல் த்ரில்லர், ஃபேண்டஸி நாவல்கள்: இரண்டில் உங்களுக்கு எது பிடிக்கும்? புதிதாகப் படிப்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

இரண்டும் பிடிக்கும். கேள்வியோடு இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்: த்ரில்லர் என்றால் கடைசியில் வரும் ட்விஸ்ட்தான், ஃபேண்டஸி என்றால் சின்னப் பிள்ளைகளுக்கான மந்திரக் கதைதான் என்று உங்கள் நண்பர்கள் சொல்கிறார்களாம். எனக்கு இரண்டிலுமே உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்லிவிட்டு, எதிலிருந்து தொடங்கலாம் என்பதற்கு வருகிறேன். சில பழைய நாவல்களின் முடிவு இந்தப் பதிலில் வரும், அது வேண்டாம் என்பவர்கள் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம்.

முதலில் ட்விஸ்ட். ரூத் ரெண்டல் 1977-ல் எழுதிய ‘எ ஜட்ஜ்மென்ட் இன் ஸ்டோன்’ நாவலின் முதல் வாக்கியமே, யூனிஸ் பார்ச்மன் என்பவள் கவர்டேல் குடும்பத்தைக் கொன்றாள், அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாததுதான் காரணம் என்று சொல்லிவிடுகிறது. யார் கொன்றது, யாரைக் கொன்றது, எதற்காக, எல்லாம் ஒரே வரியில் முடிந்தது. அப்புறம் படிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த வரிக்குப் பிறகு, வீட்டுக்கார அம்மா வேலைக்காரியான யூனிஸுக்கு எழுதி வைத்துவிட்டுப் போகும் ஒரு சாதாரணச் சீட்டைப் பார்த்தால்கூட நமக்குப் பதறுகிறது. அதை அவளால் படிக்க முடியாது என்று நமக்குத் தெரியும், அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. புத்தகங்கள் நிறைந்த வீடு, படித்த மனிதர்கள், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதவர்கள். அவர்கள் அன்பாக நடந்துகொள்ளும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு அவமானம் ஏறுகிறது. முடிவை முன்கூட்டியே சொன்னதால்தான் இந்த அச்சமே சாத்தியமாகிறது. எழுத்தறிவின்மையைக் கொலைக்குக் காரணமாக்குவதில் எனக்கு ஒரு உறுத்தல் இன்றும் உண்டு, அந்தக் கதைசொல்லியின் குரலில் இரக்கம் குறைவு. ஆனாலும் ஒரு மனம் எப்படி இறுகிப் போகிறது என்பதை அடுக்கடுக்காகக் காட்டுவதில் அதற்கு இணையாகச் சில நாவல்களைத்தான் சொல்ல முடியும்.

என் அளவுகோல் இங்கிருந்துதான் வந்தது. முடிவு தெரிந்த பிறகும் ஒரு த்ரில்லரை இன்னொரு முறை எடுத்துப் படிக்க முடிகிறதா? முடிந்தால் அது நல்ல த்ரில்லர்.

டாஃப்னி டு மோரியேயின் ‘ரெபெக்கா’ (1938) இந்தச் சோதனையில் ஒவ்வொரு முறையும் தேறுகிறது. மனைவியை இழந்த பணக்காரர் ஒருவரை மணந்து மாண்டர்லி என்ற பெரிய மாளிகைக்கு வரும் இளம்பெண்தான் கதையைச் சொல்கிறாள். அவள் பெயர் கடைசிவரை நமக்குச் சொல்லப்படுவதில்லை. இறந்துபோன முதல் மனைவியின் பெயர்தான் அட்டையிலேயே இருக்கிறது. இந்த நாவலில் எல்லோரும் எரியும் மாளிகையைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு முக்கியமான இடம் ஒரு சின்ன பீங்கான் பொம்மை. காலை அறையில் இருக்கும் விலையுயர்ந்த பொம்மையைக் கை தவறி உடைத்துவிடுகிறாள். வீட்டுக்கே எஜமானி அவள். யாரையாவது கூப்பிட்டு எடுக்கச் சொன்னால் போதும். அவளோ துண்டுகளைப் பொறுக்கி ஒரு உறையில் போட்டு மேசை இழுப்பறையின் அடியில் ஒளித்து வைக்கிறாள். பிறகு பொம்மையைக் காணோம் என்று வேலைக்காரப் பையன் ஒருவன் மேல் திருட்டுப் பழி விழுகிறது. அப்போதுதான் வேறு வழியில்லாமல் கணவனிடம் சொல்கிறாள், வீட்டு வேலைகளை மேற்பார்வையிடும் மிஸஸ் டேன்வர்ஸ் முன்னால் குறுகிப்போய் நிற்கிறாள். ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை. தன் வீட்டிலேயே திருடியைப் போல நடந்துகொள்ளும் ஒரு மனம் மட்டும் இருக்கிறது. இதைப் படித்தவர்களுக்குத்தான், அதே மிஸஸ் டேன்வர்ஸ் பின்னால் ஜன்னலருகே நின்று ‘குதித்துவிடேன்’ என்று அவள் காதில் ஓதும்போது, அவள் ஏறக்குறைய குதிக்கத் தயாராகிவிடுவது நம்பும்படியாக இருக்கும்.

அடுத்து எனக்கு முக்கியமானது நேர்மை. கதை சொல்பவர் நம்மை ஏமாற்றலாம், அதில் தவறில்லை. ஏமாற்றும் விதத்தில் ஒரு ஒழுங்கு வேண்டும். அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ 1926-ல் வந்தது. அதில் கதை சொல்லும் டாக்டர், 8.40-க்குக் கடிதங்கள் வந்தன, 8.50-க்கு அந்த அறையை விட்டுக் கிளம்பினேன் என்று எழுதுகிறார். கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி, செய்யாமல் விட்டது ஏதாவது உண்டா என்று திரும்பிப் பார்த்தாராம். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நடுவில் பத்து நிமிடம் காணாமல் போயிருக்கிறது, அவர் கொலை செய்தது அப்போதுதான், நாம்தான் கவனிக்கவில்லை. முடிவு தெரிந்து திரும்ப வந்து அந்த வரியைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

இதே அளவுகோலை வைத்துத்தான் ‘தி சைலன்ட் பேஷன்ட்’ (2019) எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை என்கிறேன். விறுவிறுப்பில் குறையில்லை. கணவனைச் சுட்டுவிட்டுப் பேசுவதையே நிறுத்திவிட்ட ஓவியர் என்ற தொடக்கம் அபாரமானது. ஆனால் அதன் பெரிய திருப்பத்துக்கு, கதை சொல்பவனுடைய குணத்தைவிட அத்தியாயங்களை அடுக்கிய முறையே அதிகம் உழைக்கிறது. இரண்டாவது முறை படிக்கும்போது அந்தத் தந்திரம்தான் கண்ணில் படுகிறது, ஆள் கண்ணில் படுவதில்லை.

‘கான் கேர்ள்’ (2012) வேறு மாதிரி. ஜில்லியன் ஃப்ளின் தன் பெரிய திருப்பத்தை நாவலின் நடுவிலேயே போட்டு உடைத்துவிடுகிறார். காணாமல் போன மனைவி ஏமியின் டைரி, அதுவரை நாம் நம்பிப் படித்தது, திட்டமிட்டுத் தயாரிக்கப்பட்டது என்று தெரிந்த பிறகும் பாதிப் புத்தகம் பாக்கி இருக்கிறது. அந்தப் பாதிதான் உண்மையான நாவல். ஒருவரையொருவர் முழுக்கத் தெரிந்துகொண்ட கணவனும் மனைவியும் இனி எப்படி ஒரே வீட்டில் இருப்பார்கள் என்ற கேள்வி, அவள் எங்கே போனாள் என்பதைவிடப் பயங்கரமானது. அதன் வெற்றிக்குப் பிறகு வந்த கூட்டத்தில் பாலா ஹாக்கின்ஸின் ‘தி கேர்ள் ஆன் தி ட்ரெயின்’ (2015) எனக்குப் பிடித்தது. குடித்துவிட்டு நினைவு தப்பும் ரேச்சல், இரவில் தான் என்ன செய்தோம் என்று தெரியாமல் காலையில் விழித்துக் குற்ற உணர்வில் வதைபடுகிறாள். அந்த ஓட்டைகளை வேறொருவர் தனக்கு வசதியாக நிரப்பி வைத்திருக்கிறார் என்று தெரியவரும்போது, நினைவிழப்பு வெறும் கதை உத்தியாக இல்லாமல் அந்தப் பெண்ணின் துயரமாகவே ஆகிவிடுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது. கடைசி அத்தியாயத்தில் ‘அவனுக்கு மனநோய், அதனால் கொன்றான்’ என்று முடிக்கும் நாவல்கள். மனநோயோடு வாழும் மனிதர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறார்கள். எழுத்தாளர் காரணம் யோசிக்காமல் விட்ட இடத்தை அடைக்க அவர்களுடைய நோயை எடுத்துக்கொள்வது அநியாயம். அப்படி ஒரு முடிவைப் படித்தால் அந்த எழுத்தாளரின் அடுத்த புத்தகத்தை நான் எடுப்பதில்லை.

சரி, ஃபேண்டஸிக்கு வருவோம். மந்திரம் வந்தால் எதுவும் நடக்கலாம், அதனால் சுவாரசியம் போய்விடும் என்பார்கள். நல்ல ஃபேண்டஸியில் எதுவும் நடந்துவிட முடியாது. அங்கே மந்திரத்துக்கு விதி உண்டு, விலையும் உண்டு. நம்மில் பலர் அம்புலிமாமாவில் படித்த விக்கிரமாதித்தன் கதையை நினைத்துப் பாருங்கள். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். இந்த ஒரு விதியை எடுத்துவிட்டால் அந்தக் கதைத் தொகுதியே நிற்காது.

எனக்கு மிகவும் பிடித்த ஃபேண்டஸி உர்சுலா லெ குவினின் ‘எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ’ (1968). கெட் என்ற சிறுவன் ஓகியன் என்ற மந்திரவாதியிடம் சீடனாகச் சேர்கிறான். முதல் பாடத்திலேயே பறக்கக் கற்றுக்கொடுப்பார் என்று எதிர்பார்க்கிறான். அவரோ பேசாமல் நடக்கிறார். மழை வருகிறது. சின்ன மந்திரக்காரன்கூட ஒரு சொல்லில் மேகத்தைத் தள்ளிவிடுவான், ஓகியன் தள்ளுவதில்லை. மரத்தடியில் போய்ப் படுத்துவிடுகிறார், பையன் நனைகிறான், மழையை நிறுத்தாத மந்திரவாதி எதற்கு என்று மனதுக்குள் புழுங்குகிறான். தள்ளிவிடப்பட்ட மேகம் வேறு யார் தலையிலோதானே பெய்ய வேண்டும்? இந்த எண்ணம்தான் மொத்த நாவலுக்கும் அடித்தளம்.

பிறகு ரோக் தீவின் மந்திரப் பள்ளியில், சக மாணவன் ஒருவனோடு ஏற்பட்ட வீம்பில், செத்தவர்களின் உலகிலிருந்து ஒருத்தியை அழைத்துக் காட்டுகிறான் கெட். அந்தப் பிளவு வழியாக ஒரு நிழல் உள்ளே பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அதை மூட முயன்ற தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். அதன் பிறகு அந்த நிழல் கெட்டைத் துரத்துகிறது. ஒரு கட்டத்தில் ஓகியன் சொல்கிறார்: ஓடாதே, திரும்பி நீ அதைத் துரத்து. கடலின் கடைசியில் இருவரும் நேருக்கு நேர் நின்று ஒரே நேரத்தில் ஒரே பெயரைச் சொல்கிறார்கள். அது ‘கெட்’ என்ற அவனுடைய பெயர்தான். தன்னிடமிருந்தே ஓடிக்கொண்டிருந்த ஒரு மனிதனின் கதை இது. டிராகனும் வருகிறது என்பதற்காக இதைச் சிறுவர் அலமாரியில் வைத்துவிட்டால், சைக்காலஜிக்கல் த்ரில்லர் என்று வேறு எதைச் சொல்வது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவனுடைய நண்பன் வெட்ச் கறுப்பு நிறம். லெ குவின் தெளிவாக எழுதியிருக்கிறார். ஆனாலும் பல ஆண்டுகள் அட்டைப்படங்களில் வெள்ளை முகம்தான் இருந்தது, 2004-ல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் அவனை வெள்ளையனாக்கினார்கள். லெ குவின் அதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். நம் நிறத்தில் ஒரு மந்திரவாதி 1968-லேயே இருந்தான் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954–55) பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறேன். அழித்தே ஆக வேண்டிய ஒரு தீய மோதிரத்தை அத்தனை தூரம் சுமந்து வந்த ஃப்ரோடோ, எரிமலையின் விளிம்பில் நின்று அதைப் போட மறுத்துவிடுகிறான். இது என்னுடையது என்கிறான். நாயகன் தோற்றுப்போகிறான். அந்த மோதிரத்தின் மேல் வெறிகொண்ட கோல்லம் என்பவன் அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்துக்கொண்டு தவறி விழுவதால்தான் உலகம் தப்புகிறது. ஊர் திரும்பிய பிறகும் ஃப்ரோடோவால் பழையபடி வாழ முடியவில்லை. முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்தில் நின்ற ஒருவர் எழுதியது இது. மனதில் பட்ட காயம் வெற்றியால் ஆறிவிடாது என்பதை அவர் கண்ணால் பார்த்திருப்பார்.

ஜார்ஜ் மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ (‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ இதிலிருந்துதான் வந்தது) நாவல் தொடரைப் புதிதாகப் படிப்பவருக்கு நான் சொல்வதில்லை. 1996-ல் தொடங்கியது, ஐந்தாம் புத்தகம் 2011-ல் வந்தது, அதன்பின் இன்னும் காத்திருப்பு. அருமையான எழுத்துதான், ஆனால் முதல் புத்தகமாக வேண்டாம்.

நீங்கள் கேட்ட இரண்டு வகையும் ஒன்றாகச் சேர்ந்த நாவல் ஒன்று இருக்கிறது. சுசன்னா கிளார்க்கின் ‘பிரானேசி’ (2020). 2021-ல் பெண் எழுத்தாளர்களுக்கான விமென்ஸ் பிரைஸ் பெற்றது. முதல் நாவலை 2004-ல் எழுதிய கிளார்க், நடுவில் பல ஆண்டுகள் நோயால் வீட்டோடு முடங்கியிருந்தவர். இந்த நாவலின் மனிதனும் ஒரு வீட்டுக்குள்தான் இருக்கிறான். முடிவில்லாத கூடங்கள், எங்கு பார்த்தாலும் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல், மேல்தளத்தில் மேகம். மீன் பிடித்துச் சாப்பிடுகிறான், அலை எப்போது எந்தக் கூடத்தில் ஏறும் என்று கணக்கு வைத்திருக்கிறான், அங்கே கிடக்கும் எலும்புகளுக்கு மரியாதை செய்கிறான். வாரத்தில் இரண்டு நாள் வந்து பேசிவிட்டுப் போகும் ஒரே ஒரு மனிதரைத் தன் நண்பர் என்று முழுதாக நம்புகிறான். அந்த நண்பரின் கோட்டு சூட்டும் பளபளக்கும் கருவியும் எங்கிருந்து வருகின்றன என்று நாம்தான் கேட்டுக்கொள்கிறோம்.

அப்புறம் அவன் தன் பழைய நாட்குறிப்புகளைப் புரட்டுகிறான். தன் கையெழுத்திலேயே, தான் எழுதியதாக நினைவே இல்லாத பதிவுகள். சில பக்கங்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றன. கிழிந்த காகிதத் துண்டுகள் கடற்பறவைகளின் கூடுகளில் சொருகிக் கிடக்கின்றன. தன் வாழ்க்கையின் ரகசியமே அந்தத் துண்டுகளில் இருக்கலாம், ஆனாலும் குஞ்சுகள் வளரட்டும் என்று காத்திருக்கிறான். நான் படித்த த்ரில்லர்களில் இத்தனை நல்ல மனிதனுக்காக இத்தனை பயந்ததில்லை. முடிவை இங்கே சொல்ல மாட்டேன்.

எதிலிருந்து தொடங்கலாம்? ஏற்கெனவே த்ரில்லர் படிக்கும் பழக்கம் இருந்தால் நேராக ‘பிரானேசி’. 300 பக்கத்துக்குள் முடிந்துவிடும், முதல் சில அத்தியாயங்களில் கூடங்களின் எண்கள் குழப்பினால் கண்டுகொள்ளாமல் மேலே போங்கள், தானாகப் பிடிபடும். அடுத்து ‘எர்த்ஸீ’, அது இன்னும் சின்னது, ஆங்கிலமும் எளிமையானது. எதுவுமே படித்துப் பழக்கமில்லை என்றால் ‘ரெபெக்கா’. ‘கான் கேர்ள்’ படிப்பதாக இருந்தால், படத்தைப் பார்ப்பதற்கு முன் படித்துவிடுங்கள். ரெண்டலை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், அவரே முதல் வரியில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால் நான் இங்கே சொன்னதால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.