எகிப்தில் ஒரு சிறுமியின் தலைக்கு அடியில் காப்டிக் சங்கீதப் புத்தகம் கிடைத்தது உண்மையா? அதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

உண்மைதான். 1984-இல் கிடைத்தது. சங்கீதம் என்றால் இங்கே இசை இல்லை, பைபிளில் உள்ள வேண்டுதல் பாட்டுகள். காப்டிக் என்பது எகிப்தியக் கிறிஸ்தவர்களின் பழைய மொழி. எகிப்தில் பெனி சூயஃப் பக்கம் அல்-முதில் என்ற ஊரின் பழைய இடுகாட்டில், ஆழமில்லாத ஒரு குழியில், சுமார் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தலைக்கு அடியில் தலையணை போல வைக்கப்பட்டிருந்தது. இப்போது கெய்ரோவில் உள்ள காப்டிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் நேரில் போய்ப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். 'உலகத்திலேயே பழைய சங்கீதப் புத்தகம்' என்று இதைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். அது சரியில்லை. சாக்கடல் ஓரத்துக் குகைகளில் கிடைத்த எபிரேயச் சங்கீதச் சுருள்கள் இதைவிடச் சில நூற்றாண்டுகள் மூத்தவை. அவை சுருள்கள். அல்-முதிலில் கிடைத்தது தாள்களை மடித்துத் தைத்து, மரப்பலகை அட்டை போட்டு, தோல் வாரால் கட்டிய புத்தகம். சங்கீதங்கள் முழுசாக உள்ள மிகப் பழைய புத்தகங்களில் இது ஒன்று என்று சொன்னால் சரியாக இருக்கும். எழுத்தை வைத்து கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று காலம் சொல்கிறார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தபோது என் கண்ணில் முதலில் பட்டது எழுத்து இல்லை, அதன் தடிமன்தான். நீள அகலத்தில் கைக்கு அடக்கமான புத்தகம், ஆனால் செங்கல் போலக் கனத்துத் தெரிகிறது. கிட்டத்தட்ட 500 பக்கம். அத்தனையும் பாப்பிரஸ் என்ற கோரைத் தாள் இல்லை, பதப்படுத்திய விலங்குத் தோல். 500 பக்கம் என்றால் 250 தாள். எத்தனை விலங்கின் தோல், எத்தனை நாள் உழைப்பு! அதை எழுதியவர் எத்தனை மாதம் குனிந்து உட்கார்ந்திருப்பார்! அப்படிப்பட்ட ஒரு பொருளை யாரோ ஒருவர் அந்தக் குழந்தையோடு மண்ணுக்குள் அனுப்பியிருக்கிறார். ஒரு மடத்துக்கோ கோயிலுக்கோ கொடுத்திருக்கலாம், விற்றிருக்கலாம். தலைக்கு வைத்தார்கள். இதை எழுதும்போதுகூட எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தலைக்கு அடியில் ஒன்றை வைத்துப் புதைப்பது எகிப்துக்குப் புதிதில்லை. இறந்தவர்களோடு மந்திர வாசகங்கள் எழுதிய பாப்பிரஸ் சுருள் வைப்பது பல நூற்றாண்டு வழக்கம். பழைய சமயத்தின் கடைசிக் காலங்களில் மந்திரம் எழுதிய வட்டத் தகடு ஒன்றை மம்மியின் தலைக்கு அடியில் வைத்தார்கள், தலைக்கு வெதுவெதுப்பு கிடைக்கட்டும் என்று. சிறுமியைப் புதைத்தவர்கள் கிறிஸ்தவர்கள். இந்த இரண்டையும் நேர்க்கோட்டில் இணைக்க எனக்குத் துணிவில்லை. ஆனால் நான்காம் சங்கீதத்தில் "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியும் இந்தப் புத்தகத்துக்குள் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்கிறேன்.

சரி, மதிப்பு எங்கே இருக்கிறது? என்னைக் கேட்டால், வயதைவிட, அது எங்கே எப்படிக் கிடந்தது என்று நமக்குத் தெரிகிறதே, அதில்தான். காப்டிக் ஏடுகளில் பெரும்பாலானவை அப்படி வந்தவை அல்ல. உள்ளூர்க்காரர்கள் தோண்டுவார்கள், பலநேரம் வயலுக்கு உரமாகப் போடும் பழைய இடிபாட்டு மண்ணுக்காக. ஏடு கிடைத்தால் கெய்ரோ வியாபாரி கைக்குப் போகும். அவர் பங்கு போட்டு விற்பார்.

1929-இல் ஃபயூம் பகுதியின் மெதினத் மாதியில் அப்படித்தான் நடந்தது. இடிபாட்டில் ஒரு மரப்பெட்டிக்குள் ஏழு பாப்பிரஸ் புத்தகங்கள். மானி என்ற பாரசீக ஞானியின் வழி வந்தவர்களுடைய காப்டிக் நூல்கள் அவை. அதில் ஒன்று பெரிய சங்கீதப் புத்தகம். தாவீதின் பாட்டுகள் இல்லை, மானி சமயத்தாரின் சொந்தப் பாட்டுகள். மானி இறந்த நாளை நினைத்து, காலியான ஒரு அரியணையை அலங்கரித்து வைத்துப் பாடியவையும் அதில் உண்டு. 1930-இல் கார்ல் ஷ்மிட் என்ற ஜெர்மன் அறிஞர் கெய்ரோ வியாபாரி ஒருவரிடம் சில தாள்களைப் பார்த்து இன்னதென்று கண்டுபிடித்தார். அதற்குள் புத்தகங்கள் பிரிய ஆரம்பித்துவிட்டன. ஒரு பங்கு பெர்லினுக்கு, ஒரு பங்கு செஸ்டர் பீட்டி என்ற சேகரிப்பாளருக்கு. உப்பு ஊறி ஒட்டிப்போன தாள்களை, பழைய ஏடுகளைச் சீர்செய்யும் ஹூகோ இப்ஷர் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். சங்கீதப் புத்தகத்தின் இரண்டாம் பகுதியை ஆல்பெர்ரி என்ற இளம் அறிஞர் 1938-இல் அச்சில் கொண்டுவந்தார். ஐந்து வருடம் கழித்துப் போரில் விமானத்தில் போய் இறந்துபோனார். பெர்லின் பங்கில் ஒரு பகுதி போர் முடிந்த குழப்பத்தில் காணாமல் போனது. ஒரு மரப்பெட்டிக்குள் 1,500 வருடம் பத்திரமாக இருந்தது, வெளியே வந்து 20 வருடத்துக்குள் சிதறிவிட்டது. அந்தப் பெட்டியை யார் வைத்தார்கள், பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் வியாபாரிகளின் வாய்ப்பேச்சுதான் மிச்சம்.

அல்-முதில் ஏட்டுக்கு அந்தக் கதி வரவில்லை. குழி தெரியும், உடல் தெரியும், எங்கே வைத்தார்கள் என்பதும் தெரியும்.

இன்னொரு காரணம் மொழி. காப்டிக் என்பது பாரோக்கள் பேசிய எகிப்திய மொழியின் கடைசி வடிவம். கிரேக்க எழுத்துகளோடு, கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்காகப் பழைய எகிப்திய எழுத்துகள் சிலவற்றையும் சேர்த்து எழுதுவார்கள். அதில் பல வட்டார வழக்குகள் உண்டு. மடங்களில் ஓங்கியது தெற்கத்திய சஹிதிக். அல்-முதில் ஏடு அதில் இல்லை. நடு எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் வட்டாரத்து வழக்கில் இருக்கிறது. அந்த வழக்கில் நமக்குக் கிடைத்த பெரிய ஏடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மத்தேயு சுவிசேஷம், அப்போஸ்தலர் நடபடிகள், பவுலின் நிருபங்கள் என்று சில இருக்கின்றன. சங்கீதங்கள் முழுவதும் கிடைத்தது இதில்தான். ஒரு வட்டாரத்து மக்கள் தங்கள் வாயில் எப்படி வேண்டிக்கொண்டார்கள் என்பது அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது. காப்டிக் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த கவ்தத் கப்ரா 1995-இல் இதைப் பதிப்பித்தார்.

நீங்களும் காப்டிக் சங்கீதங்களைத் தேடிப் படிக்கப்போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். காப்டிக் மொழிபெயர்ப்பு எபிரேயத்திலிருந்து வரவில்லை, கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்தில் ஒன்பதும் பத்தும் ஒரே சங்கீதம். அதனால் நாம் 23 என்று தேடுவது அங்கே 22. வாசகமும் கொஞ்சம் மாறும். நம் பைபிளில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று இருப்பது கிரேக்கத்தில் 'ஆண்டவர் என்னை மேய்க்கிறார்' என்று வினையாக வரும். அப்புறம் 150-ஓடு முடியாது, தாவீது தன் ஆடு மேய்த்த நாட்களையும் கோலியாத்தையும் சொல்லும் 151-ஆவது ஒன்றும் உண்டு. லண்டனில் இருக்கும் சஹிதிக் பாப்பிரஸ் ஏட்டில் அது இருக்கிறது. அந்த ஏட்டை வாலிஸ் பட்ஜ் என்ற ஆங்கில அறிஞர் 1898-இல் பதிப்பித்தார்.

கெய்ரோ போனால் மெட்ரோவில் மார் கிர்கிஸ் நிறுத்தத்தில் இறங்குங்கள். வெளியே வந்ததும் எதிரே ரோமானியக் கோட்டையின் உருண்டைக் கொத்தளம் தெரியும், அருங்காட்சியகம் அதை ஒட்டியேதான். ஏட்டின் முன்னால் நின்றால் எழுத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் வந்து, அந்த மரப்பலகையையும் தோல் வாரையும் கொஞ்ச நேரம் பாருங்கள். அந்தச் சிறுமியின் தலைக்கு அடியில் இருந்தது இந்தப் புத்தகம்தான்.