பொரி உங்கள் ரத்தத்தைக் குடிக்கவில்லை

சரஸ்வதி பூசைக்கு லிட்டில் இந்தியாவில் வாங்கிய பொரியைப் பையோடு குப்பையில் போட்டுவிட்டதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அநியாயம்! பொரியில் உள்ள ஃபைட்டேட் (தானியங்களில் இயற்கையாகவே இருக்கும் ஒரு பொருள்) உடம்பின் இரும்பை உறிஞ்சிவிடும், உங்கள் களைப்புக்கு அதுதான் காரணம் என்று ஏதோ வீடியோ சொன்னதாம். அந்தந்த வேளைச் சாப்பாட்டில் இருக்கும் இரும்பையும் துத்தநாகத்தையும் ஃபைட்டேட் கொஞ்சம் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ரத்தத்தில் ஏற்கெனவே சேர்ந்த இரும்பை அது தொடாது. அதுவும் அரிசியில் ஃபைட்டேட் பெரும்பாலும் தவிட்டில்தான். தவிடு போன அரிசியைச் சுடுமணலில் பொரித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. ஒரு கப் பொரி ஏறக்குறைய 15 கிராம், 55 கலோரி. நல்லதும் சொற்பம், கெட்டதும் சொற்பம். கடலையோடு கொறியுங்கள். சாப்பாட்டோடு நீங்கள் குடிக்கும் பால் தேநீர், அந்தத் தே தாரிக்தான் இரும்பை இதைவிட அதிகம் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கும் உங்கள் கணவர் மட்டும், லேசான பண்டம்தானே என்று கிண்ணம் கிண்ணமாக அள்ள வேண்டாம். பொரி சீக்கிரம் செரித்து சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும்.

சரி, கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே: தே ஓ ஐஸ் (பால் சேர்க்காத ஐஸ் தேநீர்) தீர்ந்த பிறகும் அடியில் கிடக்கும் ஐஸை நறநறவென்று கடித்தால்தான் நிம்மதி, நடுராத்திரியிலும் ஃபிரிட்ஜைத் திறக்கிறேன் என்று. கடிதமே அந்த வரியில்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

ஐஸ், பச்சரிசி, சாக்கட்டி, மண் என்று எதையாவது கடிக்கச் சொல்லும் அடங்காத ஆசை இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். ஓர் ஆசிரியை கைப்பையில் ஐஸ் நிரப்பிய ஃபிளாஸ்க்கோடு என் அறைக்கு வந்தார். பேசும்போதே கடித்துக்கொண்டிருந்தார். இமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் வெளுத்துக் கிடந்தது. இரும்பு ஏற ஆரம்பித்த இரண்டு வாரத்தில் ஃபிளாஸ்க் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இரும்பு எங்கே போகிறது என்பதற்கும் உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. ஐந்து மாதமாக மாதவிலக்கு பத்து நாள் நீள்கிறது, இரண்டு மணிக்கொரு தரம் பேட் மாற்றுகிறீர்கள், '43 வயது, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிட்டீர்கள். 2 மில்லி ரத்தம் போனால் ஏறக்குறைய 1 மில்லிகிராம் இரும்பு போகிறது. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பப்பைக் கட்டியா, தைராய்டா, வேறு ஏதாவதா என்று மகப்பேறு மருத்துவர்தான் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்த வாரமே அரசாங்க கிளினிக்கிற்குப் போய் முழு ரத்தப் பரிசோதனையும், உடம்பில் சேர்த்து வைத்த இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் கேளுங்கள். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. 12க்கு மேலே இருந்தாலும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருக்கலாம், அதனால்தான் இரண்டையும் கேட்கச் சொல்கிறேன். மாடி ஏறாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மயக்கம் வந்தால் கிளினிக்குக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தங்கையின் இரும்பு மாத்திரையைப் பாதி பாதியாக விழுங்குகிறீர்களாம். யார் சொன்னது? நம் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் ரத்த அணு சிறுத்துத்தான் தெரியும், ஆனால் இரும்பு குறைந்திருக்க வேண்டியதில்லை; அதனால் பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை விழுங்காதீர்கள். மாத்திரையைத் தங்கையிடமே கொடுத்துவிடுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் சொல்லுங்கள்.