நாய்களின் உண்ணிக் காய்ச்சல்: இரத்தப் பரிசோதனையில் கிருமி ஏன் சிலவேளை தெரிவதில்லை?

கொழும்பில் நாய் வளர்ப்போர் அடிக்கடி கேட்பது இது: நாய் சாப்பிடவில்லை, காய்ச்சல், முரசு வெளிறிவிட்டது, இரத்தம் எடுத்துப் பார்த்தால் மட்டும் ‘ஒன்றுமில்லை’ என்கிறார்கள்.

உண்ணிக் காய்ச்சல் ஒரே நோயல்ல. உண்ணி கடிக்கும்போது இரத்தத்துக்குள் போகும் பல கிருமிகளால் வரும் நோய்களுக்கான பொதுப்பெயர். அவற்றில் பேபீசியா கிப்சோனி சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி, அணுவையே உடைத்துவிடும். இரத்தச்சோகை வருவது அதனால்தான். சிலவேளை சிறுநீர்கூடப் பிளேன்டீ நிறத்தில் போகும்.

மிருக வைத்தியர் ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிதாக இழுத்து, ஜீம்சா சாயமிட்டு, 1000 மடங்கு பெருக்கிப் பார்ப்பார். சிவப்பணுவுக்குள் ஊதாப் புள்ளியாகவோ சிறு மோதிரமாகவோ கிருமி தெரியும். அவசரத்தில் பார்த்தால் சாயக்கறை என்று விட்டுவிடலாம். மூட்டை அரிசியில் ஒரு பிடி அள்ளிச் சுளகில் போட்டுக் கல் தேடுவது போலத்தான். அகப்பட்டால் சந்தேகமில்லை. அகப்படாவிட்டால் மூட்டையில் கல்லே இல்லையென்று சொல்லிவிட முடியாது. காதுமடல் நுனி இரத்தத்தில் கிருமி அகப்படும் வாய்ப்புக் கூட என்பதால் சிலர் அங்கே குத்துவார்கள், பதற வேண்டாம்.

பிசிஆர் என்ற ஆய்வுகூடச் சோதனை கிருமியின் மரபணுவையே தேடும். நுட்பமானது, செலவும் கூட. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புடலைத் தேடும் சோதனை கள்ளனின் காலடித் தடம் மாதிரி, அவன் இன்னும் வீட்டுக்குள் இருக்கிறானா என்று சொல்லாது. எந்தக் கிருமி என்பது முக்கியம்: இன்னொரு உண்ணிக் கிருமியான எர்லிக்கியாவுக்குக் கொடுக்கும் டொக்ஸிசைக்ளின் மட்டும் பேபீசியாவை ஒழிக்காது.

“எங்கள் நாயில் உண்ணியே இல்லையே” என்பார்கள். இரத்தம் குடித்து முடித்த உண்ணி விழுந்துவிடும், காய்ச்சல் வாரங்கள் கழித்தே வரும். கிப்சோனி என்றால் ஒழுங்கையில் நடந்த நாய்ச்சண்டைக் கடியே போதும்.