பெல்ட் கத்தினால் உடனே டைட் வைக்காதீர்கள்

இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்தவற்றில் பாதிக்குமேல் காரின் ஃபேன் பெல்ட் பற்றிய கேள்விகள். பெயர்தான் ஃபேன் பெல்ட். இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் ரேடியேட்டர் ஃபேன் தனி மோட்டாரில் ஓடுகிறது. அம்பாசடரில் ஒரே பெல்ட் ஃபேன், வாட்டர் பம்ப், டைனமோ மூன்றையும் சுற்றியது. அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் கீச்சிடுகிறது. மெக்கானிக் டைட் வைத்துக் கொடுத்தார். பத்து நாளில் மறுபடியும் அதே சத்தம். பெல்ட்டை மாற்றிவிடலாமா? (திருச்சி)

மாற்றலாம், ஆனால் எதனால் கத்துகிறது என்று தெரியாமல் மாற்றினால் புதுப் பெல்ட்டும் கத்தும். சத்தத்தில் இரண்டு வகை உண்டு. 'கீஈஈச்' என்று நீட்டி இழுத்தால் பெல்ட் வழுக்குகிறது. 'கிச் கிச் கிச்' என்று குருவிக்குஞ்சு மாதிரி விட்டுவிட்டு வந்தால் ஏதோ ஒரு புல்லி (பெல்ட் சுற்றும் சக்கரம்) மற்றவற்றோடு நேர்கோட்டில் இல்லை. சந்தேகமாக இருந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது, துணிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலால் பெல்ட்டின் வரிப்பள்ளம் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். சத்தம் கூடினால் வழுக்கல். நின்றுபோய், தண்ணீர் காய்ந்ததும் திரும்ப வந்தால் புல்லி கோணல். துப்பட்டா, வேட்டி நுனி, சட்டைக் கை எதுவும் பக்கத்தில் போகக்கூடாது.

காலையில் மட்டும் கத்துவதற்கும் காரணம் இருக்கிறது. ஸ்டார்ட்டர் இழுத்த கரண்டைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்க, பெல்ட் சுற்றும் ஆல்டர்நேட்டர் (கரண்ட் தயாரிக்கும் கருவி) அந்த நேரத்தில் கடினமாக உழைக்கும். பெல்ட்டுக்கு அப்போதுதான் சுமை அதிகம். மழைநாளில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு விநாடி கத்திவிட்டு அடங்கினால் அது ஈரம், விட்டுவிடுங்கள்.

டைட் வைத்தும் பத்து நாளில் திரும்பியிருக்கிறது என்றால் நான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்ப்பேன். கரகரவென்றாலோ, ஆட்டினால் ஆடினாலோ அந்த பேரிங் போய்விட்டது. அப்புறம் மேலே நிமிர்ந்து, ஆயிலோ கூலண்டோ சொட்டுகிறதா என்று பார்ப்பேன். எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி உப்பிவிடும். கசிவை அடைக்காமல் பெல்ட் மாற்றுவது காசுக்குக் கேடு.

கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். எவ்வளவு அமுங்க வேண்டும்? நானே செய்யலாமா? (ஈரோடு)

தாராளமாகச் செய்யலாம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்க வேண்டும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று ஓடும், விரல் பத்திரம்.

இரண்டு புல்லிகளுக்கு நடுவே உள்ள நீளமான பகுதியின் மையத்தில், சுமார் 10 கிலோ எடை வைத்த அளவுக்கு அழுத்துங்கள். பல சின்ன கார்களில் 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை அமுங்கினால் சரி. உங்கள் வண்டிக்கான அளவு மேனுவலில் இருக்கும், அதுதான் கணக்கு. புதுப் பெல்ட்டைக் கொஞ்சம் கூடுதல் இறுக்கமாக வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஓடி இழுபட்டதும் மறுபடி அளக்க வேண்டும். இந்த இரண்டாவது அளவைத்தான் பலர் எடுப்பதில்லை.

ஆல்டர்நேட்டரைத் தாங்கும் கீழ் போல்ட்டையும் மேலே உள்ள லாக் போல்ட்டையும் முதலில் லூஸ் செய்யுங்கள். பிறகு அட்ஜஸ்ட் போல்ட்டைக் கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்புங்கள். அட்ஜஸ்ட் போல்ட் இல்லாத பழைய வண்டிகளில் லிவர் போட்டு நெம்ப வேண்டும். அப்போது லிவர் ஆல்டர்நேட்டரின் பின்பக்கத்தில் முட்டக்கூடாது. அந்த அலுமினிய உடல் விரிசல் விட்டுவிடும்.

தொழில் கற்ற புதிதில் நான் பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி இறுக்கி அனுப்புவேன். கத்தாத பெல்ட் நல்ல பெல்ட் என்று நினைப்பு. நான்கு மாதம் கழித்து ஒரு வண்டி ஆல்டர்நேட்டர் பேரிங் ஊளையிட்டுக்கொண்டு திரும்பி வந்தது. லூஸான பெல்ட் கத்தி எச்சரிக்கும். அதிகம் இறுக்கிய பெல்ட் சத்தமில்லாமல் ஆல்டர்நேட்டர் பேரிங்கையும் வாட்டர் பம்ப் பேரிங்கையும் தின்னும்.

70,000 கிலோமீட்டர் ஓடிய பெல்ட். ஒரு வெடிப்புகூட இல்லை. ஆனாலும் மாற்றச் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? (கோவை)

இல்லை, அவர்கள் சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. பழைய நியோப்ரீன் ரப்பர் பெல்ட்டில் ஒரு அங்குலத்துக்குள் மூன்று வெடிப்பு வந்தால் மாற்று என்பது கணக்கு. இப்போது வருபவை ஈபிடிஎம் ரப்பர். இவை அவ்வளவு எளிதில் வெடிக்காது. டயர் மாதிரி தேயும். வரிகளுக்கு இடையே உள்ள பள்ளம் புதிதில் 'வி' வடிவில் இருக்கும், தேயத் தேய அகன்று 'யு' போல ஆகும். அப்போது புல்லியின் மேடு பள்ளத்தின் அடியில் போய் முட்டும், பக்கவாட்டுப் பிடி போய்விடும், பெல்ட் வழுக்கும். புதுப் பெல்ட் ஒன்றைக் கடையில் வாங்கி, பழையதன் பக்கத்தில் வைத்து நகத்தால் பள்ளத்தைத் தடவிப் பாருங்கள். வித்தியாசம் விரலுக்கே தெரியும்.

என் காரில் அட்ஜஸ்ட் போல்ட்டே கண்ணில் படவில்லை. (சேலம்)

பெல்ட்டைத் தானே இறுக்கிப் பிடிக்கும், ஸ்பிரிங் வைத்த ஆட்டோ டென்ஷனராக இருக்கும். அதை நாம் இறுக்க வேண்டியதில்லை. ஐடிலில் அதன் கை லேசாகத் துடித்தால் சரி. தடதடவென்று குதித்தால் டென்ஷனரை மாற்றுங்கள். டென்ஷனரும் இல்லையென்றால் அது ஸ்ட்ரெச் பெல்ட், அதாவது தானே இழுபட்டுப் பிடித்துக்கொள்ளும் பெல்ட். மாற்றும்போது பழையதை வெட்டி எடுத்துவிட்டு, புதியதை அதற்கான டூல் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்நூல் அறும்.

சோப்பு தேய்த்தால் சத்தம் நிற்குமாமே?

நிற்கும், இரண்டு நாளைக்கு. பெல்ட் ஸ்ப்ரேயும் அப்படித்தான். பிசுபிசுப்பில் மண் ஒட்டி, வரி சீக்கிரம் தேயும்.

கடையில் 6 பிகே 1750 என்று கேட்கச் சொன்னார்கள். அது என்ன? (நாகர்கோவில்)

ஆறு வரி, 1750 மில்லிமீட்டர் நீளம். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் 3.56 மில்லிமீட்டர். கழற்றும் முன் பெல்ட் போகும் வழியைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு டார்ச் அடித்து ஒவ்வொரு புல்லியிலும் எல்லா வரியும் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வரி வெளியே தள்ளி உட்கார்ந்தால் ஓரம் பிய்ந்து நூல் தொங்கும்; கடைக்காரர் மட்டமான பெல்ட் கொடுத்துவிட்டார் என்று அவரைத் திட்டுவோம்.

பைபாஸில் போகும்போது பெல்ட் அறுந்துவிட்டால் வீடுவரை ஓட்டலாமா? (விழுப்புரம்)

அந்தப் பெல்ட் எதைச் சுற்றுகிறது என்பதைப் பொறுத்தது. பேட்டரி விளக்கு எரியும். ஹைட்ராலிக் ஸ்டியரிங் என்றால் கல்லாகக் கனக்கும். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் இருந்தால் உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம், இன்ஜின் கொதித்து ஹெட் கேஸ்கட் போய்விடும். வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டில் (இன்ஜின் வால்வுகளை இயக்கும், கவருக்குள் இருக்கும் வேறு பெல்ட்) ஓடும் வண்டி என்றால், ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பகல் நேரத்தில் பேட்டரி தாங்கும்வரை பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டலாம். அறுந்த துண்டு டைமிங் கவருக்குள் சுற்றிக்கொள்ளவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஏசிக்கு மட்டும் தனிப் பெல்ட் உள்ள வண்டியில் அது அறுந்தால் கவலையே வேண்டாம். துண்டை உருவிப் போட்டுவிட்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு போகலாம்.