வாசகர் கேள்வி – பதில்: உறுதியும் உண்டியலும் விசா அதிகாரிக்கு விளங்குமா?

வெளிநாட்டுப் பயணம், விசா தொடர்பாக வாசகர்கள் கேட்டவற்றில் ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். கட்டணங்கள் அடிக்கடி மாறுபவை. பணம் கட்டும் அன்று அந்தந்த நாட்டின் அரச இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

லண்டனில் உள்ள மகளைப் பார்க்க விசிற் விசாவுக்குப் போட்டேன், மறுத்துவிட்டார்கள். வங்கியில் 18 இலட்சம் காட்டினேன், வீட்டுக் காணி உறுதியும் வைத்தேன். 'பணம் எங்கிருந்து வந்தது என்பது தெளிவில்லை, திரும்பிச் செல்வீர்கள் என்பதில் திருப்தியில்லை' என்று கடிதம் வந்திருக்கிறது. அப்பீல் பண்ணலாமா?
– வாசகி, கோண்டாவில்

விசிற் விசா மறுப்புக்குப் பிரித்தானியாவில் பொதுவாக மேல்முறையீடு இல்லை. புதிதாக விண்ணப்பித்து, கட்டணத்தையும் மறுபடி முழுதாகக் கட்டவேண்டும். காத்திருப்புக் காலம் எதுவும் இல்லை, நாளைக்கே போடலாம். ஆனால் அதே பேப்பர்களை அதே ஒழுங்கில் கட்டி அனுப்பினால் அதே பதில்தான் வரும். கடிதத்தில் உள்ள இரண்டு காரணங்களுக்கும் தனித்தனியாகப் பதில் தேடுங்கள்.

முதலில் பணம். 18 இலட்சம் கூடவோ குறையவோ என்பது அங்கே கேள்வியே இல்லை. இவ்வளவு காட்டவேண்டும் என்று பிரித்தானியா ஒரு தொகையைச் சொல்வதில்லை. ஐந்து மாதம் நாற்பது, ஐம்பதாயிரத்தில் ஓடிய கணக்கில் ஆறாம் மாதம் ஒரே நாளில் 15 இலட்சம் விழுந்திருந்தால், காட்டுவதற்காக மாறி வாங்கிப் போட்ட காசு என்றே எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் காசு பெரும்பாலும் நகை அடகு வைத்து வந்திருக்கும், அல்லது சீட்டு எடுத்தது, அல்லது உண்டியலில் (வங்கி வழியாக இல்லாமல் ஆட்கள் மூலம் கைமாறி) வந்தது. அடகுக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது, அதன் பிரதியை வையுங்கள். சீட்டுக்கும் உண்டியலுக்கும் காட்ட எதுவுமே இல்லை. ஆகவே இனி மகள் அனுப்புவதை வங்கி வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள். ஆறு மாதம் ஒழுங்காக வந்தால் வங்கிக்கூற்றே உங்களுக்காகப் பேசும்.

செலவை மகள்தான் பார்க்கப்போகிறா என்றால் உங்கள் கணக்கை ஊதிக் காட்டத் தேவையே இல்லை. அவவின் சம்பளச் சிட்டைகள், வங்கிக்கூற்று, அங்கே வதிவதற்கான அத்தாட்சி, வீட்டில் உங்களுக்கு இடமிருக்கிறது என்பதற்கான ஆதாரம், ஒரு அழைப்புக் கடிதம் ஆகியவை போதும். உங்கள் கணக்கில் உள்ளதை உள்ளபடி காட்டுங்கள்.

அடுத்தது காணி. உறுதியைத் தமிழில் அப்படியே வைத்தால் அதை யாரும் வாசிக்கப்போவதில்லை. மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் 'மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு' என்ற உறுதிமொழி, திகதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையொப்பம், தொடர்பு விபரம் எல்லாம் இருக்கவேண்டும். அப்போதும் 'நான்கு பரப்பு' என்றால் அந்த அதிகாரிக்கு என்ன விளங்கும்? ஒரு பரப்பு 10 பேர்ச், கிட்டத்தட்ட 253 சதுர மீற்றர், 16 பரப்பு ஒரு ஏக்கர் என்று விளக்கக் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்.

ஆனால் காணி உங்களைத் திரும்பிக் கூட்டிவராது. பூட்டிவிட்டுப் போகலாம் அல்லவா? திரும்பிவர வைப்பது இங்கே இருக்கும் மனிதரும் வேலையும்தான். கணவர் இங்கே இருக்கிறாரா, ஓய்வூதியம் வருகிறதா, கடைக்கு வியாபாரப் பதிவு இருக்கிறதா, வேலையிடம் இத்தனையாம் திகதி முதல் இத்தனையாம் திகதி வரை லீவு தந்திருக்கிறதா, இவற்றில் எது உண்டோ அதற்குக் கடிதம் எடுங்கள்.

பழைய மறுப்பைப் புதிய விண்ணப்பத்தில் கட்டாயம் எழுதவேண்டும். 'அதை விட்டுவிடுங்கோ' என்று சொல்லும் முகவரை நீங்கள் விட்டுவிடுங்கள். கைரேகை அவர்களிடம் இருக்கிறது. பொய்த் தகவலோ போலிக் கடிதமோ பிடிபட்டால் 10 ஆண்டுத் தடை வரலாம்.

கடவுச்சீட்டில் என் பெயரில் உள்ள 'தேவி' ஆங்கிலத்தில் 'டி' எழுத்தில் தொடங்குகிறது. மகனின் கனடா ஆவணங்களில் தாயின் பெயர் 'ரி எச்' என்று இருக்கிறது. என் பிறப்புப் பதிவில் தமிழில் மட்டும்தான். சிக்கல் வருமா?
– வாசகி, சாவகச்சேரி

விளக்காமல் விட்டால் வரும். கடவுச்சீட்டுப் பெயர்தான் அடிப்படை, மற்றதெல்லாம் அதை ஒட்டியே போகவேண்டும். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுத்து, அதில் உள்ள எழுத்துக்கூட்டலையே போடச் சொல்லுங்கள். பெரும்பாலான எழுத்து வேறுபாடுகள் மொழிபெயர்ப்பாளர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதுவதால் வருபவை.

மகனின் ஆவணங்களை இப்போது மாற்றுவது லேசல்ல. சமாதான நீதவான் முன்னிலையில், இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கும் என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். விண்ணப்பப் படிவத்தில் 'வேறு பெயர்கள்' என்ற கட்டத்தை வெறுமையாக விடாமல் அந்த இரண்டாவது எழுத்துக்கூட்டலை அங்கேயும் எழுதுங்கள்.

ரிக்கெற் எடுக்கும்போது பாருங்கள்: கடவுச்சீட்டுப் படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியில் பெயருக்கு 39 இடங்கள்தான். அப்பா பெயரும் நீளம், சொந்தப் பெயரும் நீளம் என்றால் கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டிருக்கும். அதனால் குழம்பத் தேவையில்லை. ஆனால் குடும்பப் பெயர் எது, தற்பெயர் எது என்பதை அந்த வரியில் உள்ள வரிசைப்படியே எல்லா இடத்திலும் எழுதவேண்டும். முதலெழுத்தை மட்டும் போட்டு ரிக்கெற் எடுக்கவே கூடாது.

கடவுச்சீட்டிலேயே பிழை என்றால் முதலில் அதைத் திருத்துங்கள். 2025 செப்ரெம்பர் முதல் யாழ். மாவட்டச் செயலகத்திலேயே பிராந்திய அலுவலகம் இயங்குகிறது. இதற்காகப் பத்தரமுல்லைக்கோ வவுனியாவுக்கோ ஓடவேண்டியதில்லை.

ரொறொன்ரோவில் மகனுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. சாதாரண விசிற் விசாவா, சூப்பர் விசாவா நல்லது? எனக்கு 66, மனைவிக்கு 61.
– வாசகர், பருத்தித்துறை

எவ்வளவு காலம் நிற்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விசிற் விசா 10 வருடம் வரை தரப்படலாம். ஆனால் ஒவ்வொரு முறை போகும்போதும் வழமையாக ஆறு மாதம்தான் நிற்கலாம். சூப்பர் விசா என்பது கனடாவில் உள்ள பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ பார்க்கப் போகிறவர்களுக்கானது, அதில் ஒரே தடவையில் 5 வருடம் வரை நிற்கலாம் (2022 ஜூலைக்கு முன் அது 2 வருடமாக இருந்தது). ஆறு மாதம் போதும் என்றால் சூப்பர் விசாவின் செலவைத் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அந்தச் செலவில் பெரியது மருத்துவக் காப்புறுதி. ஆளுக்குக் குறைந்தது 1,00,000 கனடிய டொலர் காப்பு, ஒரு வருடத்துக்கு. பணம் கட்டிய காப்புறுதியாக இருக்கவேண்டும், விலை கேட்டு எடுத்த கடிதத்தை ஏற்கமாட்டார்கள். தவணையாகக் கட்டுவதென்றால் முற்பணம் கட்டியிருக்கவேண்டும். 60 தாண்டியவர்களுக்கும் சலரோகம், பிரஷர் உள்ளவர்களுக்கும் காப்புறுதிக் கட்டணம் அதிகம். ஏற்கெனவே உள்ள நோயைக் காப்புறுதி ஏற்குமா, எத்தனை மாதம் மருந்து மாறாமல் இருந்திருக்கவேண்டும் என்பதை மகன் வாசித்துப் பார்த்துவிட்டே பணம் கட்டட்டும். இதில் கவனக்குறைவாக இருந்தவர்களுக்கு விசாவில் அல்ல, ஆஸ்பத்திரி பில்லில்தான் பிரச்சினை வருகிறது.

இரண்டாவது, மகனின் வருமானம். குடும்ப எண்ணிக்கைக்கேற்ப ஒரு குறைந்தபட்சத் தொகை இருக்கிறது. அந்த எண்ணிக்கையில் மகன், மருமகள், குழந்தை மட்டுமல்ல, போகும் நீங்கள் இரண்டு பேரும் சேருவீர்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். தனியே போதாவிட்டால் மருமகளின் வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம். அழைப்புக் கடிதத்தில் முழுக் காலத்துக்கும் செலவைப் பொறுப்பேற்பதாக மகன் எழுதி, வீட்டில் எத்தனை பேர் என்பதையும் குறிப்பிட்டு, கையொப்பம் இடவேண்டும். அவரது குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிட ஆவணத்தின் பிரதியும் சேரவேண்டும். அதோடு உங்கள் இருவருக்கும் மருத்துவப் பரிசோதனை. அதைக் கனடா அங்கீகரித்த மருத்துவர்தான் செய்யலாம், எங்கள் குடும்ப டொக்டரின் கடிதம் செல்லாது.

விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 100 டொலர், கைரேகை, படத்துக்கு 85 டொலர். குடும்பமாக ஒன்றாகப் போட்டால் கைரேகைக்கு உச்சம் 170. ஒருமுறை கொடுத்த கைரேகை 10 வருடத்துக்குச் செல்லும். கடவுச்சீட்டு இன்னும் இரண்டு வருடத்தில் முடிகிறதென்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள், விசாவின் ஆயுள் கடவுச்சீட்டின் ஆயுளைத் தாண்டாது.

சூரிச்சில் அண்ணாவின் மகளுக்குக் கலியாணம். அப்படியே பாரிசில் அக்கா வீட்டிலும் நிற்க ஆசை. எந்த நாட்டிடம் விசா கேட்பது?
– வாசகர், மானிப்பாய்

இரண்டுமே ஷெங்கன் நாடுகள், அதாவது ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. ஒரு விசா போதும். பயணத்தின் முதன்மையான இடம் எதுவோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்கவேண்டும். பத்து நாள் சூரிச், ஐந்து நாள் பாரிஸ் என்றால் சுவிஸ். நாட்கள் சமம், முதன்மை எதுவென்று சொல்ல முடியாது என்றால் முதலில் இறங்கும் நாடு. 'பிரான்ஸ் லேசாய்த் தரும்' என்று கேள்விப்பட்டு அங்கே போட்டுவிட்டு, கலியாணக் கடிதத்தில் சூரிச் என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே படுத்துவிடும்.

சுவிஸ் கேட்டால் அண்ணா பொறுப்புக் கடிதம் ஒன்றில் ஒப்பமிடவேண்டியிருக்கும். அது 30,000 சுவிஸ் பிராங் வரை அவரைக் கட்டுப்படுத்தும், சும்மா சம்பிரதாயம் அல்ல என்பதை அவருக்கும் சொல்லுங்கள். பிரான்சில் அக்கா வீட்டில் தங்குவதற்கு அவவின் நகரசபை தரும் வரவேற்புப் பத்திரம் வேண்டும், அதன் மூலப்பிரதியைத் தபாலில் எடுக்க நாள் பிடிக்கும்.

கட்டணம் 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குட்பட்டோருக்கு 45. காப்புறுதி குறைந்தது 30,000 யூரோ. கடவுச்சீட்டு கடந்த 10 வருடத்துக்குள் எடுத்ததாக, திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக, இரண்டு பக்கம் வெறுமையாக இருக்கவேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே போடலாம், பிந்தினாலும் பயணத்துக்கு 15 நாள் முன்பாவது போட்டிருக்கவேண்டும். கலியாணம் ஆவணியில் என்றால் சித்திரையிலேயே போடுங்கள். கோடையில் கைரேகைக்கு நாள் கிடைப்பதே பெரும்பாடு.

விசா கையில் வந்ததும் ஸ்ரிக்கரில் இரண்டு இடத்தைப் பாருங்கள். 'இருந்து – வரை' என்று ஒரு திகதி இடைவெளி, அதற்குக் கீழே 'தங்கும் நாட்கள்' என்று ஒரு எண். திகதி இடைவெளி 30 நாள் என்று இருந்தாலும் தங்கும் நாட்கள் 15 என்றால் 15தான். இறங்கிய நாளும் ஏறும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும். ஒரு நாள் கூடினாலும் அடுத்த விசாவில் அது பேசும்.

லண்டன் விசா கிடைத்துவிட்டது. பிராங்பேர்ட் வழியாகப் போகும் ரிக்கெற் மலிவாக இருக்கிறது. எயார்போட்டை விட்டு வெளியே போகப்போவதில்லை, வேறு விசா தேவையா?
– வாசகர், நல்லூர்

தேவை. வெளியே போகாமல் விமானம் மாறுவதற்கே விமான நிலைய ட்ரான்சிற் விசா கேட்கும் நாடுகளின் ஷெங்கன் பட்டியலில் இலங்கை இருக்கிறது. கனடா, அமெரிக்கா, யப்பான் விசா இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு, பிரித்தானிய விசாவுக்கு இல்லை. பிரெக்சிற்றுக்குப் பிறகு இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். விசா இல்லாத ஆளை ஏற்றிவந்தால் விமான நிறுவனத்துக்கு அபராதம் என்பதால் கட்டுநாயக்காவிலேயே ஏற்றமாட்டார்கள், ரிக்கெற் காசும் போகும். டோஹா, டுபாய் வழியாக ஒரே ரிக்கெற்றில் போங்கள், அங்கே இந்தத் தொல்லை இல்லை.

பலாலியிலிருந்து சென்னை போய், அங்கிருந்து லண்டன் போக நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். இரண்டும் தனித்தனி ரிக்கெற் என்றால் சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி போடவேண்டும், அதற்குக் குடிவரவைத் தாண்டவேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும்.

சென்னையில் கண் ஒப்பரேசனுக்கு சுற்றுலா ஈ-விசாவில் போகலாமா?
– வாசகி, தெல்லிப்பழை

வேண்டாம். ஆஸ்பத்திரி ஒப்பரேசனுக்கு ஈ-மருத்துவ விசா இருக்கிறது. ஆஸ்பத்திரியின் கடிதத்தோடு விண்ணப்பிக்கவேண்டும். உங்களோடு வருபவருக்குத் தனியாக உதவியாளர் விசா, ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் வரை. இந்திய அரசின் தளத்தின் முகவரி 'கவ்.இன்' என்று முடியும். அதைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் இரண்டு மூன்று மடங்கு கட்டணம் எடுக்கும்.

சிங்கப்பூருக்கு விசா இல்லை என்கிறார்கள், பிறகு ஏன் ஒரு 'காட்' நிரப்பச் சொல்கிறார்கள்?
– வாசகர், ஊர்காவற்றுறை

அது விசா அல்ல, வருகை அட்டை. இறங்குவதற்கு முன்பு, இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டும், முற்றிலும் இலவசம். கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிட்டு வேறு தளம் தேடுங்கள். கடவுச்சீட்டில் ஆறு மாத ஆயுளும் திரும்பும் ரிக்கெற்றும் கையில் இருக்கட்டும்.