பீனிசத்துக்குக் கமரா விட்டுச் சத்திரசிகிச்சை: முகத்தை வெட்டுவார்களா?

கேள்வி: எனக்கு 41 வயது. நாலைந்து வருசமாக மூக்கடைப்பு, கன்னத்தில் பாரம், தொண்டைக்குள் சளி இறங்குகிறது, மணமும் தெரிவதில்லை. மூன்று மாதம் ஸ்பிரே அடித்தும் குறையவில்லை. சிடி ஸ்கான் பார்த்த டொக்டர், கமரா விட்டுச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்கிறார். முகத்தை வெட்டுவார்களா? பிறகு திரும்பவும் வருமா? நல்லூர்க் கோயில் திருவிழாவில் பிரதட்டை (மணலில் உருண்டு கோயிலைச் சுற்றுவது) செய்வதாக நேர்த்தியும் வைத்திருக்கிறேன். (வாசகர், கோண்டாவில்)

பதில்: முகத்தில் எங்கும் வெட்டு விழாது. ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள கமராக் குழாயை மூக்குத் துவாரத்தால் விட்டு, திரையைப் பார்த்தபடி செய்வார்கள். கன்னம், நெற்றி, கண்களுக்கு நடுவே உள்ள காற்றறைகளின் வாசல்கள் மிகச் சிறியவை. அவை வீங்கி அடைபட்டால் சளி உள்ளேயே தேங்கிவிடும்; இதைத்தான் பீனிசம் என்கிறோம். அந்த வாசல்களை அகலமாக்கி, மூக்குச் சதை வளர்ந்திருந்தால் அதையும் எடுப்பார்கள். பெரும்பாலும் முழு மயக்கத்தில்தான் நடக்கும். அன்றோ மறுநாளோ வீட்டுக்கு வரலாம். கண்ணுக்கும் மூளைக்கும் பக்கத்தில் செய்யும் வேலை என்பதால்தான் ஸ்கான் எடுக்கிறார்கள். அங்கே காயம் படுவது அரிது. ஆனாலும் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஆஸ்துமா இருந்தாலோ, அஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான குளிசை எடுத்தாலோ கட்டாயம் சொல்லுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

முதல் வாரம் முன்பைவிட மோசமாகத்தான் இருக்கும். உள்ளே வீக்கமும் காய்ந்த இரத்தமும் இருப்பதால் மூக்கு இன்னும் அடைக்கும், இரத்தம் கலந்த நீர் வடியும். இதைப் பார்த்துச் சத்திரசிகிச்சை பிழையாகிவிட்டது என்று பயப்படாதீர்கள். மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். கதிரை வேலை என்றால் ஒரு வாரம், பத்து நாளில் போகலாம். கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, அரிசி மூட்டை தூக்குவது எல்லாம் இரண்டு வாரத்துக்காவது வேண்டாம்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மூக்குக் கழுவுதல். சத்திரசிகிச்சை வாசலைத் திறந்துவிடும். அதைத் திறந்தபடி வைத்திருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. டொக்டர் சொல்லும் நாளில் தொடங்குங்கள். கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பச்சையாக மூக்குக்குள் விடக்கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி மூக்கு வழியாகப் போனால் ஆபத்து. வீட்டுப் பில்டரை நம்பவும் வேண்டாம். நன்றாகக் கொதித்த பிறகும் ஒரு நிமிசம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவையுங்கள். எங்கள் சுண்ணக்கல் மண்ணின் தண்ணீரில் அடியில் வெள்ளையாகப் படியும்; தெளிந்ததை மட்டும் இறுத்து எடுங்கள். 500 மில்லிலீற்றருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா போதும். இளஞ்சூட்டில், குனிந்து, வாயைத் திறந்து வைத்தபடி ஒரு துவாரத்தால் மெதுவாக விட்டால் மற்றதால் வரும். ஒவ்வொரு நாளும் புதிதாகக் கலக்குங்கள், போத்தலையும் கழுவிக் காயவையுங்கள்.

திரும்பி வருமா என்றால், வரலாம். சதை வளர்ச்சியும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அதனால்தான் சுகமான பிறகும் ஸ்பிரேயைத் தொடரச் சொல்கிறோம். மணம் மெல்ல மெல்லத்தான் திரும்பும். எல்லாருக்கும் முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

இரத்தம் நிற்காமல் ஓடினால், கண் வீங்கினால், பார்வை மங்கினால், குனியும்போது மூக்கால் தெளிந்த நீர் சொட்டினால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

சரி, பிரதட்டை. சத்திரசிகிச்சை முடிந்து ஒரு மாதத்துக்குள் மணலில் உருள்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தலை தாழ்வதும் உடல் வருத்தமும் இரத்தத்தைக் கசியவைக்கும், ஆறாத புண்ணில் தூசியும் ஏறும். உங்களுடையது அவசரச் சத்திரசிகிச்சை போலத் தெரியவில்லை. டொக்டரிடம் விசயத்தைச் சொல்லி, திருவிழா முடிந்த பிறகு சத்திரசிகிச்சைக்கு ஒரு திகதி கேளுங்கள். பிரதட்டை செய்த நாளில் வீட்டுக்கு வந்ததும் மேலே சொன்னபடி மூக்கைக் கழுவிவிடுங்கள்.