ஈ.சி.இ.யா, பயோமெடிக்கலா? பென்னாகரத்து அப்பா ஒருவருக்கு

ஐயா, ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் மருத்துவக் கருவி செய்ய வேண்டும் என்கிறாள் உங்கள் மகள். அதில் பிழைப்பு ஓடுமா என்பது உங்கள் கவலை. ஓடும், ஆனால் பாடப்பிரிவைப் பார்த்து எடுக்க வேண்டும்.

பொறியியல் கட்-ஆஃப் 200-ல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. பயாலஜி மார்க் சேராது. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், தகவல்தொடர்புப் பொறியியல்) கிடைத்தால், கடன் வாங்கித் தனியாரில் பயோமெடிக்கல் (மருத்துவக் கருவிப் பொறியியல்) சேர்ப்பதைவிட அதையே எடுங்கள். கருவிக்குள் இருப்பதும் சென்சார், சர்க்யூட், புரோகிராம்தானே. பிறகு எம்.டெக். நுழைவுத்தேர்வான கேட் எழுதி, சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி.யும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக்.குக்கு முயலலாம்.

முதல் ஆண்டிலேயே, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் வைத்து அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்றைச் செய்து பார்க்கட்டும். மேக்ஸ் 30102 சென்சாரும் புரோகிராம் ஏற்றும் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணு போர்டும் போதும். செலவு சில நூறு ரூபாய். சென்சார் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 880 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரலில் பாய்ச்சி, திரும்பி வருவதை ஒப்பிடும். விரல் சில்லிட்டிருந்தாலும், அழுத்திப் பிடித்தாலும், மருதாணி இருந்தாலும், டியூப்லைட் வெளிச்சம் பட்டாலும் எண் தடுமாறும். இதையெல்லாம் சரிசெய்துவிடலாம். பெரிய சிக்கல் வேறு: வீட்டில் எல்லாருக்கும் 98 காட்டியதும் கருவி தயார் என்று தோன்றும். ஆனால் நோயாளிக்கு 85 இருக்கும்போது அது 85 காட்டுமா? வீட்டில் இருக்கும் ஆரோக்கியமானவர்களை வைத்து அதைச் சோதிக்க முடியாது. தமனி ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டுத்தான் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். அதனால் புராஜெக்ட் கருவியை எந்த நோயாளிக்கும் கொடுக்க விடாதீர்கள். 2017-ன் மருத்துவக் கருவி விதிகள் ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை நான்கு வகுப்பாகக் கருவிகளைப் பிரிக்கின்றன. அந்த விதிகளையும் அவள் இப்போதே படிக்கலாம்.

விலை என்பது கருவியின் விலை மட்டுமல்ல. சர்க்கரை அளக்கும் குளுக்கோமீட்டர் ஒருமுறைச் செலவு, ஒவ்வொரு சோதனைக்கும் வேண்டிய ஸ்ட்ரிப்போ ஆயுள் முழுவதும் செலவு. 1992-ல் மதுரையில் தொடங்கிய அரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே ஏராளமாகத் தயாரித்துத்தான் விலையை இறக்கியது. விடுமுறையில் ஓசூரில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறையில் அவளைப் பயிற்சிக்குச் சேர்த்துவிடுங்கள். பத்து ரூபாய் பிளாஸ்டிக் மூடிக்கு முன்னால் லட்சங்களில் ஒரு மோல்டு (அச்சு) செய்ய வேண்டியிருப்பது அங்கேதான் புரியும்.

இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தூரம் போக வேண்டாம். நம் தருமபுரி மாவட்டத்தில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு கலந்த தண்ணீரே இருக்கிறது. அதைப் பிடித்துவைக்கும் அலுமினா வடிகட்டியின் கொள்ளளவு தீர்ந்த பிறகும் தண்ணீரின் ருசியும் நிறமும் மாறாது. குடும்பம் அதையே குடித்துக்கொண்டிருக்கும். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டியதும் எச்சரிக்கும் மலிவான சென்சார் ஒன்றை அவள் முயன்று பார்க்கட்டும்.